அரை மணி நேரம் தின்ற சிடி

11-2-2014, செவ்வாய்.

முதலில் இன்றைய தவறு.

டிசம்பர் மாதம் திரேஸ்புரம் சங்கு குடோன் கம்ப்யூட்டரில் நான் விண்டோஸ் போட்டது அரைகுறை சிடியிலிருந்து. சர்வீஸ் நோட்டில் 'புது சிடி' என்று எழுதிவிட்டேன். கடை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

சின்னத் தவறுதான்...

இன்று மாலை ஏழே முக்கால் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

விஷயம் இதுதான். விண்டோஸ் எக்ஸ்பிக்கு வருகிற ஏப்ரலோடு அப்டேட் நிற்கப் போகிறது. எங்கள் கடையின் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் உப்பளத்து ஆபீஸ்காரர்கள், மீன் கம்பெனிக்காரர்கள். அவர்கள் மெஷின்களுக்கு இன்டர்நெட் கிடையாது. அதனால் பழைய விண்டோஸ் சிடியை அப்படியே ஒரு ஃபோல்டரில் காப்பி எடுத்து, அதற்குள் சர்வீஸ் பேக்கையும் அதற்குப் பிறகு வந்த நூற்றுச் சொச்சம் அப்டேட்டுகளையும் வரிசை மாறாமல் சேர்த்து, ஒரே சிடியாக எழுதச் சொன்னார் பாண்டியராஜன் அண்ணாச்சி. கூடவே ஒரு பதில் ஃபைல். இன்ஸ்டால் ஆகும்போது பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன, எந்த ஊர் நேரம் என்று அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைத்துவிடலாம். சிடியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

நான் முதலில் பதில் ஃபைலை எழுதினேன். அதை மட்டும் பழைய விண்டோஸோடு சேர்த்து, சோதனைக்காக ஒரு சிடி எழுதினேன். அப்டேட் எதுவும் அதில் இல்லை.

அன்றைக்குப் பார்த்து சங்கு குடோன் மெஷின் படுத்துவிட்டது. குடோன் மேனேஜர் கிளைட்டன் போன் மேல் போன் போட்டார். கையில் இருந்த சோதனை சிடியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

அவ்வளவுதான் தவறு.

இன்று மாலை, கடை முடிந்து தினமும் படிக்கப் போகிற வகுப்பில், ஏழே முக்காலுக்கு என் போன் அடித்தது.

"பாண்டியராஜன் சிஸ்டம்ஸாம்மா?"

"ஆமா சார்."

"திரேஸ்புரம் சங்கு குடோன்லருந்து பேசுதேன். இங்கன கம்ப்யூட்டர் நீலமா ஒரு திரையக் காட்டிட்டு நிக்குது. அதுமேல ஒங்க நம்பர் ஒட்டியிருக்கு. வந்து சரி பண்ணுங்க."

"கிளைட்டன் சார்ட்ட கொடுங்க. என்ன வருதுன்னு கேட்டுக்கிடுதேன்."

என் அரைகுறை சிடிதான் காலை வாரிவிட்டது என்று நினைத்தேன்.

"அவரு பேசுத நிலைமைல இல்லம்மா. தரையில கெடக்காரு. நான் இன்ஸ்பெக்டர் சிவனாண்டி."

அண்ணாச்சியோடு அவர் டிவிஎஸ் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பாதி ஊர் நின்றது. குடோனுக்குள் சங்குச் சதையின் வாடை மூக்கை அடைத்தது. எடை பார்க்கும் இரும்பு மேடைக்குப் பக்கத்தில், சாக்கு போர்த்தி...

நான் பார்க்கவில்லை. கால் மட்டும் தெரிந்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது.

"பின்மண்டை மேடையோட விளிம்புல பட்டிருக்கு. தானா விழுந்த மாதிரி தெரியல" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்த சங்கு மூட்டைகளைப் பார்த்தார். "இத்தன சங்குக்கு நடுவுல ஒக்காந்திருந்த மனுசனுக்கு எவனோ வந்து சங்கு ஊதிட்டுப் போயிருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

மூட்டைகளின் ஓரத்தில் பேச்சி பெரியம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குடோனில் சங்கு கழுவுகிறவர். சேலை முந்தியில் ரத்தம். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அவரை நன்றாகத் தெரியும். அவர் மகன் சுடலைக்கண்ணன் என் அண்ணனின் உயிர்ச் சிநேகிதன். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் என்றே சொல்லலாம். சங்கு குளிக்கப் போவான். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அறுபது அடி இறங்குவான். போன அக்டோபரில் ஒருநாள் கம்ப்ரசர் நின்றுபோனது. அன்று படகில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் கிளைட்டன். அவர் படகின் மறுமுனையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். கீழே இருந்தவன் மேலே தூக்கச் சொல்லி மூன்று தடவை கயிற்றை இழுத்தானாம்.

அவன் சாவை விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்கும் அந்தக் கதை வந்து சேர்ந்திருந்தது. அவர் பார்வை அடிக்கடி பெரியம்மா மேல் போய் வந்தது.

"ஒனக்கு ஒரு வேலதான்மா. வாசல்ல ஒரு கேமரா இருக்குல்ல? அதுல யார் யார் வந்து போனாங்கன்னு எனக்கு வேணும்."

வாசலுக்கு மேலே இருப்பது சின்ன கேமரா. யார் தாண்டினாலும் ஒரு படம் எடுத்து கம்ப்யூட்டரில் சேர்த்துவிடும். படத்தின் மேல் நேரம் விழாது. எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்பது டிஸ்க்கில் பதிவாகியிருக்கும்.

ஆறே முக்காலுக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது. ஓடிக்கொண்டிருந்த மெஷின் பட்டென்று அணைந்ததில் விண்டோஸ் கெட்டுவிட்டது. கரண்ட் வந்தபின் எத்தனை தடவை போட்டாலும் நீலத் திரைதான். நான் சிபியு-வின் பக்கத் தகட்டைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தேன். இன்ஸ்பெக்டரின் லேப்டாப்பில் மாட்டினேன்.

படங்கள் வந்தன.

ஒவ்வொன்றாகத் திறந்து, நேரத்தை வாய்விட்டுப் படித்து, வெள்ளைத் தாளில் எழுதச் சொன்னார். எழுதினேன். மதியத்துப் படங்களில் பெரியம்மா, லோடு இறக்க வந்த இரண்டு பேர், அவர்கள் திரும்பிப் போனது, கிளைட்டன்.

கடைசியில் இரண்டு படம் பாக்கி.

"ஆறு நாலு" என்று படித்தேன். படத்தைத் திறந்தேன்.

என் கை தானாக மவுஸை விட்டு எழுந்துவிட்டது.

"யாரும்மா இது? தெரிஞ்ச மொகமா?"

அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் மூச்சு விடுவது கேட்டது.

"எங்க அண்ணன் சார். முத்துமணி. லோடு ஆட்டோ ஓட்டுதான். சங்கு மூட்டைய ரயிலுக்கு ஏத்திக்கிட்டுப் போறது அவன்தான்."

"அடுத்த படம்?"

"ஆறு பதினொண்ணு. அவன்தான்... வெளிய போறான்."

"அதுக்கடுத்து?"

"இல்ல சார். இதான் கடைசி."

இன்ஸ்பெக்டர் கிளைட்டனின் போனை எடுத்தார், எதையோ தேடினார். அந்த அரை நிமிடத்தில் நான் எங்கள் ஆத்தூர் வீட்டையும், வெற்றிலைக் கொடிக்காலில் நிற்கிற அப்பாவையும், இந்தச் செய்தி அங்கே போய்ச் சேர்வதையும் முழுசாகப் பார்த்துவிட்டேன்.

"கீழவைப்பார்ல இவருக்கு ஒரு அக்கா இருக்கு. ஜெபசுதா. ஆறு இருவத்திரெண்டுக்குக் கூப்பிட்டிருக்கு. ஆறு இருவத்தேழு வரைக்கும் தம்பிட்ட பேசியிருக்கு." போனை மேஜையில் வைத்தார். "ஆறு பதினொண்ணுக்குப் போனவன் எப்படி ஆறு இருவத்தேழு வரைக்கும் பேசினவனக் கொல்லுவான்? ஒங்கண்ணன் பொழச்சாம்மா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. சாக்குக்குக் கீழே ஒருவர் செத்துக் கிடக்கிறார், நான் சந்தோஷப்பட்டேன்.

எதிர்வீட்டு பிளாரன்ஸ் அக்காவையும் விசாரித்தார்கள். கரண்ட் போனதும் புழுக்கம் தாங்காமல் அவர் வாசல்படியில் வந்து உட்கார்ந்தாராம். ஏழு பத்துக்குப் பேச்சி ஓடிவந்து ஆள் கூப்பிட்டதைத் தவிர, குடோனுக்குள் ஒரு பூனைகூடப் போகவில்லை என்றார். பின்கதவு பூட்டியிருந்தது.

"அப்ப உள்ள இருந்தது ஒரே ஆளு" என்று இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

அவர் கேள்வியை முடிக்கவில்லை.

"நான்தான் சார்" என்றார் பேச்சி பெரியம்மா. எங்கோ பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிற குரலில்.

நான் எழுதிய நேரப் பட்டியலின் அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 'என் முன்னிலையில் வாசித்தது. சரியானது. சந்தனச்செல்வி.'

டவுனில் நானும் அண்ணனும் இருக்கிற வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "செத்துட்டானா?" என்று மட்டும் கேட்டான். பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னபோது தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனான்.

சிநேகிதனின் அம்மா அல்லவா, வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன்.

12-2-2014, புதன்.

இன்றைய தவறை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, நேற்றுக் காப்பி எடுத்து வைத்த படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். கோர்ட்டுக்கு வேண்டுமாம். கடையில் கலர் பிரிண்டரில் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொன்றின் கீழேயும் நேரத்தை எழுதினேன்.

அண்ணன் நுழைகிற படம் வந்தது.

'மாலை 6.04' என்று எழுதப்போன பேனா நின்றது.

அவன் தலைக்குப் பின்னால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெயில் போய் வானம் மங்கிவிட்டது. அவன் வண்டியின் முன்விளக்கு வெளிச்சம் சுவரில் விழுந்திருந்தது.

நேற்று ஆறு நாலுக்கு நான் வகுப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. துப்பட்டாவை நெற்றிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஆறு நாலுக்குத் தெருவிளக்கா?

படம் பொய் சொல்லாது. அப்படியென்றால் நேரம்...

பிரிண்டரை நிறுத்தினேன். டிசம்பரில் எழுதிய பதில் ஃபைலைத் திறந்தேன். ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துப் படித்தேன். பெயர், சரி. பாஸ்வேர்டு, சரி. எந்த ஊர் நேரம் என்ற இடத்தில் ஊர்ப் பெயர் போட முடியாது; எண்தான் போட வேண்டும். இந்தியாவுக்கு 190.

நான் 200 என்று அடித்திருக்கிறேன்.

200 யார் என்று அட்டவணையில் பார்த்தேன். இலங்கை.

முதலில் உயிர் வந்தது. கொழும்புக்கும் நமக்கும் ஒரே மணிதானே! கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்.

ஒரே மணிதான்... 2006-லிருந்து.

அதற்கு முன்னால் பத்து வருஷம் இலங்கை நம்மைவிட அரை மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. 2006-ல்தான் கடிகாரத்தைப் பின்னுக்கு நகர்த்தி நம்மோடு சேர்ந்தார்கள். அந்த மாற்றம் விண்டோஸுக்கு அப்டேட்டாகத்தான் வந்தது. நான் கடைசியாகச் செய்த நல்ல சிடியில் அந்த அப்டேட் இருக்கிறது. அதனால் 200 என்று இருந்தும் தப்பு வெளியே தெரியவில்லை. எத்தனை தடவை சோதித்தாலும் தெரியாது.

சங்கு குடோனுக்குப் போட்டது அப்டேட் சேர்க்காத சிடி. அந்த மெஷினைப் பொறுத்தவரை தான் இருப்பது பழைய கொழும்பு.

மணி மெஷினுக்குள் இருக்கிற கடிகாரத்திலிருந்து வருவது; அதனால் திரையில் சரியாகத்தான் காட்டியிருக்கும். அதனால்தான் கிளைட்டனும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விண்டோஸ் டிஸ்க்கில் எழுதும்போது நம் ஊர் மணியை எழுதாது. அதை லண்டன் மணியாக மாற்றி எழுதும். நம் ஊர் என்று தெரிந்திருந்தால் ஐந்தரை மணி நேரம் கழிக்கும். பழைய கொழும்பு என்று நினைத்து ஆறு மணி நேரம் கழித்திருக்கிறது. அதே டிஸ்க்கை நேற்று இன்ஸ்பெக்டரின் லேப்டாப்பில் மாட்டினேன். அது ஐந்தரையைத்தான் திரும்பக் கூட்டியது.

நடுவில் அரை மணி நேரம் காணாமல் போய்விட்டது.

நம்ப மனமில்லை. மூலையில் கிடந்த பழைய மெஷினை எடுத்து அதே சோதனை சிடியைப் போட்டேன். பதினொன்று இருபதுக்கு ஒரு ஃபைலைச் சேர்த்தேன். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினேன்.

பத்து ஐம்பது என்றது.

இன்னொரு தடவை செய்தேன். மூன்றாவது தடவையும் செய்தேன். மூன்று தடவையும் அரை மணி நேரம் குறைந்தது.

அப்படியானால் அண்ணன் உள்ளே போனது ஆறு நாலு இல்லை. ஆறு முப்பத்து நாலு. வெளியே வந்தது ஆறு நாற்பத்தொன்று. கிளைட்டன் அக்காவிடம் பேசி முடித்தது ஆறு இருபத்தேழு.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அரைகுறை சிடி போட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கடைக் கதவைப் பாதி சாத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. போலீஸ் அந்த மெஷினைப் பரணில் போட்டுவிடுவார்கள், இனி எவனும் அதைத் திறக்கப் போவதில்லை என்றார். பேச்சி தானே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றார். என் கல்யாணம், அப்பாவின் உடம்பு, கடையின் பெயர் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார்.

கடைசியில் சொன்னார்:

"செல்வி... கேள்வி வருமுன்னே பதில் எழுதி வைக்கது கம்ப்யூட்டருக்குத்தான். மனுசனுக்கு இல்ல. கேட்டா சொல்லு. கேக்கலேன்னா விட்ரு."

படங்களை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் நடந்தேன். இதை எழுதும்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆனால் நடக்கும்போது அப்படித்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் உள்ளே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அதே பெஞ்சின் மறுமுனையில் பேச்சி பெரியம்மா. சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோகிறார்களாம். காவலுக்கு இருந்த பெண் போலீஸ் டீ வாங்க வாசல்வரை போனார்.

"பெரியம்மா... நேத்து நான் படிச்ச நேரம் தப்பு" என்றேன் மெதுவாக. "அரை மணி குறைச்சுப் படிச்சிட்டேன். மிஷின்ல கோளாறு. அண்ணன் வந்தது ஆறரைக்கு மேல. ஒங்கள விட்ருவாங்க."

பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியும்ளா. நான் அங்கனதான இருந்தேன்."



அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். அண்ணன் அடுத்த லோடு எப்போது என்று கேட்கத்தான் வந்தானாம். பேச்சு சுடலைக்கண்ணனில் போய் முட்டியது. கடலுக்குப் போகிறவன் சாவான், அதற்கெல்லாம் தன்னைக் கேட்டால் எப்படி என்றாராம் கிளைட்டன். அண்ணன் பிடித்துத் தள்ளினான். ஒரே தள்ளு. சத்தம் கேட்டுப் பெரியம்மா பின்முற்றத்திலிருந்து ஓடிவந்தபோது அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வெறும் மயக்கம்தாம்லே, நான் தண்ணி தெளிச்சுப் பாக்குதேன், நீ போன்னு அவன அனுப்பிட்டேன். அவன் போயிட்டான். அதோட கரண்டும் போயிட்டு."

"அப்ப கிளைட்டன்..."

"உசுரு இருந்துச்சு."

வாசலில் பெண் போலீஸின் பூட்ஸ் சத்தம். பெரியம்மா குரலைத் தணித்தார்.

"கண்ணு முழிச்சு, பேச்சி, பேச்சின்னு கூப்புட்டான். தண்ணி கேட்டான். ஆசுவத்திரிக்குத் தூக்கிட்டுப் போகச் சொன்னான். நான் இருட்டுல அவன் தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஒரு வார்த்த பேசல. எந்திரிக்கல. சத்தம் நிக்க அரை மணிக்கூர் ஆச்சு."

மடியிலிருந்த படங்களைக் கவிழ்த்து வைத்தேன்.

"எம்புள்ள கீழ கெடந்து கயித்த இழுத்தப்ப இவன் ஏன்னு கேக்கல. நானும் கேக்கல." இப்போதுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். "இது எனக்கும் அவனுக்கும் உள்ளது. ஒங்கண்ணனுக்கு இதுல பங்கு கெடையாது. ஒம் மிஷினு முழுங்கின அரை மணிய எனக்கே விட்ருளா."

டீ வந்தது. பெரியம்மா ஊதி ஊதிக் குடித்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் படங்களை வாங்கிப் புரட்டினார். அண்ணன் படத்தில் ஒரு கணம் நின்றார். தெருவிளக்கின் மேல்தான் அவர் கண் இருந்தது என்று எனக்குப் பட்டது. இல்லாமலும் இருக்கலாம்.

"படமெல்லாம் நல்லாத் தெளிவா இருக்கும்மா. வேற எதும் சொல்லணுமா?"

கேட்டுவிட்டார். அண்ணாச்சி சொன்ன அந்தக் கேள்வியேதான்.

"இல்ல சார்" என்றேன்.

இதுதான் இன்றைய தவறு.

முதல் தடவையாக இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் லோடு ஆட்டோக்கள் நிற்கிற இடத்துக்குப் போனேன். அண்ணன் வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்திருந்தான். நேற்றிலிருந்து சவரம் செய்யவில்லை. ஐஸ் லாரிகள் போய் வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

190, 200, கொழும்பு எல்லாம் சொன்னேன். அவனுக்குப் பாதி புரியவில்லை. அரை மணி மட்டும் புரிந்தது.

"அப்ப நான் மாட்டாம இருந்தது ஒன் தப்பாலயாளா?"

"ஆமா."

"நல்ல தங்கச்சி" என்றான். சிரிக்க முயன்றான். வரவில்லை.

நேற்று நான் வந்து சொல்லும்வரை, கிளைட்டன் தலையில் கட்டோடு எழுந்து உட்கார்ந்து தன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்தானாம். பெரியம்மாவைப் பிடித்தார்கள் என்றதும் ஸ்டேஷனுக்குப் போகக் கிளம்பினானாம். இரண்டு தடவை. இரண்டு தடவையும் வண்டியைப் பாதி வழியில் திருப்பிவிட்டானாம்.

பெரியம்மா சொன்னதைச் சொல்லலாமா கூடாதா என்று நெடுநேரம் யோசித்தேன். சொன்னால் அவன் பாரம் குறையும் என்று ஒரு கணக்குப் போட்டேன். நீ கொல்லவில்லை அண்ணா, உன் கையால் சாகவில்லை, அதற்குப் பிறகும் உயிர் இருந்தது...

சொல்லிவிட்டேன்.

என் கணக்குகள் எல்லாமே இப்படித்தான் போகின்றன.

அண்ணன் அழவில்லை. வண்டியின் தட்டைக் கையால் தடவினான். வெகுநேரம் தடவினான்.

"வண்டி வாசல்லதான நின்னுச்சு" என்றான். "பெரியாஸ்பத்திரிக்குப் பத்து நிமிசம்ளா. பத்தே நிமிசம். தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருந்தா..."



பெரியம்மா அந்த அரை மணியைத் தனக்கே கேட்கிறார். அண்ணன் அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். உண்மையில் அந்த மெஷின் அதை விழுங்கும்படி செய்தது நான்.

கொஞ்சம் கழித்து அவனே எழுந்தான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல போவோம். நான் தள்ளுனத நான் சொல்லுதேன். நீ ஒன் நேரத்தத் திருத்திக் குடு. பெரியம்மா செஞ்சத பெரியம்மாதான் சொல்லணும். அத நாம ரெண்டு பேரும் சொல்லக் கூடாது. என்ன?"

சரி என்றேன்.

"நம்ம வண்டிலயே போவோம். ஸ்டேஷன் வரைக்கும் நான் ஓட்டுவேன். திரும்பி நீதான் ஓட்டிட்டு வரணும். ஒனக்குத்தான் நேராப் போகத் தெரியுமே. ரிவர்ஸ் தெரியுமாளா?"

"தெரியாது."

"அந்த ஸ்டேஷன் வாசல்ல ரிவர்ஸ் எடுக்காம எவனும் வெளிய வந்ததில்ல" என்றான் அண்ணன்.

நாளைய வேலை: காலை ஒன்பதரை மணிக்கு ஸ்டேஷனில் திருத்திய நேரப் பட்டியலைக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால், எட்டு மணிக்குள், அண்ணனிடம் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.